விண்டோஸ் எக்ஸ்பியில் முறைமைக் கோப்புப் பிழைகள்

கணினியைப் போட்டதும் கறுப்புத் திரையில் ஒரு கோப்பின் பெயரைக் காட்டி, அது இல்லை அல்லது சிதைந்துவிட்டது என்று அறிவித்து நின்றுவிடும் கோளாறே முறைமைக் கோப்புப் பிழை. 2001 அக்டோபர் 25 அன்று வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. ஆனாலும் பழைய கணக்குகளும் குடும்பப் புகைப்படங்களும் கிடக்கும் அந்தக் கணினிகளைத் திறக்க வேண்டிய தேவை இன்னும் தீரவில்லை. பிழையைப் பார்த்த மாத்திரத்தில் ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மேட் செய்துவிடும் வழக்கம் பரவலாக இருந்தது. பெரும்பாலும் அது வேண்டாத இழப்பு. திரையில் வரும் பெயர், தொடக்கம் எந்த இடத்தில் தடைப்பட்டது என்பதைத்தான் காட்டுகிறது. அந்தக் கோப்பு பத்திரமாகவே இருக்கலாம்.

எக்ஸ்பி எழும் வரிசை இது. முதலில் பயாஸ், பிறகு டிஸ்க்கின் தொடக்கப் பகுதி, அதையடுத்து என்டிஎல்டிஆர் என்ற கோப்பு. இது பூட்.ஐஎன்ஐ என்ற சிறிய உரைக்கோப்பைப் படித்து விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும். பிறகு விண்டோஸின் கருநிரலும் ஹால்.டிஎல்எல் கோப்பும் நினைவகத்தில் ஏறும்.

‘என்டிஎல்டிஆர் இல்லை’ என்று வந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஃப்ளாப்பி டிரைவையும் யுஎஸ்பி துளைகளையும். எக்ஸ்பியில் ஃபார்மேட் செய்த ஃப்ளாப்பி உள்ளே இருந்து, பயாஸ் அதிலிருந்து தொடங்க முயன்றாலும் இதே செய்திதான் வரும். எடுத்துவிட்டால் போதும். அப்படியும் சரியாகவில்லையென்றால், எக்ஸ்பி சிடியிலிருந்து தொடங்கி, ஆர் விசையை அழுத்தி ரெக்கவரி கன்சோலுக்குள் போய், சிடியின் ஐ386 ஃபோல்டரிலிருந்து அந்தக் கோப்பை சி டிரைவுக்கு நகலெடுக்கலாம்.

ஆளை மிகவும் ஏமாற்றுவது ஹால்.டிஎல்எல் பிழை. ஹார்ட் டிஸ்க்கில் புதிதாக ஒரு பார்ட்டிஷன் பிரித்தாலோ, இருந்ததை அழித்தாலோ பார்ட்டிஷன்களின் எண்வரிசை மாறக்கூடும். பூட்.ஐஎன்ஐயில் பழைய எண்ணே இருப்பதால், என்டிஎல்டிஆர், விண்டோஸ் இல்லாத இடத்தில் போய்த் தேட, ஹால்.டிஎல்எல் காணவில்லை என்று திரை சொல்லும். அந்தக் கோப்பைத் திரும்பத் திரும்ப நகலெடுத்தாலும் பலனில்லை. ரெக்கவரி கன்சோலில் ‘பூட்சிஎஃப்ஜி /ரீபில்ட்’ என்ற கட்டளை விண்டோஸைத் தேடிக் கண்டுபிடித்து, பூட்.ஐஎன்ஐயில் சரியான முகவரியைச் சேர்த்துவிடும். முகவரி சரியாக இருந்தும் பிழை தொடர்ந்தால்தான் கோப்பை மாற்றுவதில் பொருளுண்டு.

கான்ஃபிக் ஃபோல்டரில் உள்ள சிஸ்டம் கோப்பு சிதைந்ததாகச் செய்தி வந்தால், விண்டோஸ் தன் அமைவுகளை வைத்திருக்கும் பதிவேட்டின் (ரெஜிஸ்ட்ரி) ஒரு பகுதி கெட்டிருக்கிறது என்று பொருள். மின்சாரம் திடீரென்று போவதும், ஹார்ட் டிஸ்க் தேய்வதும் இதற்கு வழக்கமான காரணங்கள். ‘செக்டிஸ்க் /ஆர்’ கட்டளை பழுதான பகுதிகளைக் கண்டறிந்து படிக்கக்கூடியதை மீட்கும். ஆனால் டிஸ்க் ‘டக் டக்’ என்று ஒலித்தால் இந்தக் கட்டளையை ஓடவிடவே கூடாது: முதல் வேலை, சிடியிலிருந்தே இயங்கும் லினக்ஸ் ஒன்றைப் போட்டு முக்கியமானவற்றை வேறிடத்துக்கு நகலெடுப்பது. பழுதுபார்ப்பு அதன் பிறகுதான்.

விண்டோஸ் எழுந்தபின் ஏதாவது டிஎல்எல் கோப்பு இல்லை என்று வந்தால் ‘எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்’ உதவும். இது பாதுகாக்கப்பட்ட முறைமைக் கோப்புகளைச் சரிபார்த்து, கெட்டதை டிஎல்எல்கேஷ் ஃபோல்டரிலுள்ள நல்ல நகலால் மாற்றும். அங்கே இல்லையென்றால் சிடியைக் கேட்கும். கணினியில் சர்வீஸ் பேக் 3 இருந்து, சிடி 2001-ஆம் ஆண்டினதாக இருந்தால் பதிப்புகள் ஒத்துப்போகாது. ஒரு குறிப்பிட்ட மென்பொருள் மட்டும் தன் டிஎல்எல்லைக் கேட்டால், அந்த மென்பொருளை மறுபடி நிறுவுவதே முறை. முகம் தெரியாத தளங்களிலிருந்து தனிக் கோப்பாக டிஎல்எல் இறக்குவது ஆபத்தானது. வைரஸ் நுழைய அது நேரான வாசல்.

கோப்புகள் மனிதக் கையாலும் போயிருக்கின்றன. 2002-இல் பரவிய ஒரு புரளி மின்னஞ்சல், கரடிப் பொம்மைச் சின்னம் கொண்ட ஜேடிபிஜிஎம்ஜிஆர் என்ற கோப்பு வைரஸ் என்று நம்பவைத்துப் பலரை அதை அழிக்க வைத்தது. உண்மையில் அது விண்டோஸோடு வந்த ஜாவா கருவி. 2010 ஏப்ரல் 21 அன்று வைரஸ் தடுப்பு நிறுவனமான மெக்காஃபி வெளியிட்ட புதுப்பிப்பு, எக்ஸ்பியின் எஸ்விசிஹோஸ்ட் கோப்பையே வைரஸ் என்று தவறாக எண்ணி ஒதுக்கியது. சர்வீஸ் பேக் 3 கொண்ட கணினிகள் விடாமல் மறுதொடக்கம் ஆகின, வலையிணைப்பையும் இழந்தன.

2007-இல் கடைகளுக்கு வந்த விஸ்டாவில் என்டிஎல்டிஆரின் இடத்தை பூட்மேனேஜர் பிடித்தது, பூட்.ஐஎன்ஐக்குப் பதில் தொடக்கத் தரவகம் ஒன்று வந்தது. அதன் நிறுவல் டிவிடியில் தொடக்கக் கோளாறுகளைத் தானே தேடிச் சரிசெய்யும் கருவியும் சேர்க்கப்பட்டது.