ஒண்டுக்குடித்தனமும் சபா மேடையும்

தமிழ் நாடக வரலாற்றை எழுதப் புகுந்தோரிற் பலர், சங்கரதாஸ் சுவாமிகளைப் போற்றி, பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையை வியந்து, பின்னர் வந்த சபா நாடகங்களை வெறும் நகைச்சுவைத் தோரணமென ஒரு வரியில் ஒதுக்கிவிடுகின்றனர். இத்தீர்ப்பு எனக்கு உடன்பாடன்று. சென்னைப் பட்டணம் பெருத்த காலத்தில், அங்கே மணம் புரிந்த இளந்தம்பதிகள் எங்ஙனம் குடித்தனம் நடத்தினர் என்பதை அறிய விரும்புவோர் அரசாங்க அறிக்கைகளைப் புரட்டுவதோடு அந்நாடகங்களையும் பார்த்தல் வேண்டும்.

பொன்முகலிக் கரையில் வாழும் நமக்குப் பட்டணத்து வாடகை வீட்டுக் கதை எதற்கு என்று சங்க அன்பர் சிலர் வினவலாம். 1953 அக்டோபர் முதல் தேதி ஆந்திர மாநிலம் தோன்றும்வரை நம் காளத்தியும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்ததே. பள்ளியிறுதி தேறிய பிள்ளைகள் ரேணிகுண்டாவில் வண்டி மாறிச் சென்னைக்கு உத்தியோகம் தேடிச் சென்றனர். எல்லை மாறிய பின்னரும் அவ்வழக்கம் மாறவில்லை. ஆகவே இது நம்மவர் கதையுமாம்.

1941-ல் சென்னையின் மக்கள் தொகை ஏறத்தாழ 7 இலட்சத்து 77 ஆயிரம். 1951-ல் அது 14 இலட்சத்தைக் கடந்துவிட்டது. 1946-ல் நகர எல்லை விரிந்து சைதாப்பேட்டை முதலிய இடங்கள் உள்ளே வந்ததும் இதற்கு ஒரு காரணமே. எனினும் யுத்த காலத்திலும் அதன் பின்னும் வெளியூரிலிருந்து வந்து குவிந்தோர் பலர். வீடுகள் அவ்வேகத்தில் எழும்பவில்லை. வாடகை ஏறாதபடி தடுக்க 1946, 1949, 1960 ஆகிய ஆண்டுகளில் சட்டங்கள் பிறந்தன. குடியிருப்போனைச் சட்டம் காத்தது உண்மை. ஆனால் வாடகை உயராத வீட்டைப் பழுதுபார்க்க உரிமையாளருக்கு மனம் வரவில்லை. ஒரு குடும்பம் வாழ்ந்த வீடு தட்டி வைத்துத் தடுக்கப்பட்டு ஐந்தாறு குடும்பங்களின் ‘ஸ்டோர்’ ஆயிற்று.

திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் இத்தகைய ஸ்டோர்கள் மலிந்திருந்தன. நடுவே முற்றம், எல்லாருக்கும் ஒரு கிணறு, ஒரு குழாய். ஒரு கூடத்தில் மாமியார், மாமனார், படிக்கும் தம்பி, மணமாகாத நாத்தனார். அதே கூடத்தில் புது மணத்தம்பதியரும் வாழ வேண்டும். இரவில் வாய்விட்டுப் பேசவும் வழியில்லை. எங்கள் இரயில்வே இலாகாவில் குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை கலியாணத்தைத் தள்ளிப்போட்டவர்களை நான் அறிவேன். அவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும்.

இவ்வாழ்வை மேடையேற்றியவர்கள் இதன் நடுவே இருந்தவர்களே. நன்னிலம் பக்கத்து நல்லமாங்குடியிற் பிறந்த கே. பாலசந்தர், சென்னை அக்கவுண்டண்ட் ஜெனரல் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதினார். அவருடைய ‘எதிர் நீச்சல்’ முதலில் நாடகமாக வந்து, 1968-ல் அவருடைய இயக்கத்திலேயே திரைப்படமாயிற்று. அதில் மாதுவாகத் தோன்றிய நாகேஷ், நடிப்புத் தொழிலுக்கு வருமுன் இரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். எங்கள் இலாகாவுக்கு இது ஒரு பெருமை என்பதை அடக்கத்துடன் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

மாது ஓர் அநாதை. பல குடித்தனங்கள் உள்ள வீட்டில் மாடிப்படியின் கீழ் ஒடுங்கிக் கிடப்பவன். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் ஏவல் செய்து, அவர்கள் இட்டதை உண்டு, கல்லூரியிற் படிப்பவன். அவ்வீட்டிலேயே கிட்டு மாமாவும் பட்டு மாமியும் அடுத்த வீட்டாரோடு தம்மை ஒப்பிட்டுச் சச்சரவிட்டுக் கொள்கின்றனர். நாயர் ஒருவரும் இருக்கிறார். கண்ணுக்கே புலப்படாமல் இருமல் ஓசையால் மட்டும் அறியப்படும் ‘இருமல் தாத்தா’ ஒருவரும் உண்டு. சபையோர் இதற்குச் சிரித்தனர். ஆனால் சற்றே எண்ணுங்கள்: அடுத்த அறைக் கிழவரின் முகம் தெரியாது, அவருடைய இருமல் மட்டும் இரவெல்லாம் கேட்கும் என்பதைவிட ஸ்டோர் வாழ்வைச் சுருங்கச் சொல்ல முடியுமா? மாடிப்படியின் அடியும் ஒரு மனிதனுக்கு முகவரியாகும் என்றால், அந்நகரில் ஒரு சதுர அடியின் மதிப்பு என்னவென்று வேறு விளக்கம் வேண்டியதில்லை.

பழைய கம்பெனி நாடகங்களில் தர்பார், நந்தவனம், அடவி எனத் திரைகள் மாறும். சபாவிலோ அலுவலகம் விட்டு வந்து ஒரே மாலையில் ஆடி முடிக்க வேண்டும், செலவுக்கும் பணமில்லை. எனவே ஒரு கூடம், இரண்டு கதவு, ஒரு ஜன்னல் என்று ‘செட்’ அமைத்தனர். வறுமையால் நேர்ந்த இவ்வமைப்பு, பார்ப்போரின் வீட்டுக்கு மிகப் பொருந்தியதாயிற்று.

மெரீனா என்ற புனைபெயரில் டி. எஸ். ஸ்ரீதர் எழுதிய ‘தனிக்குடித்தன’த்துக்குப் பெயரே போதும், அச்சொல் அக்காலத்தில் பல வீடுகளில் ஒரு போர் முழக்கம். இதுவும் 1977-ல் திரைக்குச் சென்றது. பொதுவாகச் சபா நாடகங்களின் மேல் எனக்குள்ள குறை ஒன்றுண்டு. மாமியாரையும் மருமகளையும் அவை மிகுதியாகப் பழித்தன. இருவரையும் ஒரே அடுப்பின்முன் நிறுத்திய இடநெருக்கடியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது குறைவு.

இதற்கிடையே நகரம் மேற்கே நீண்டது. 1961-ல் வீட்டு வசதி வாரியம் அமைந்தது. 1968-ல் வர்த்தகப் பொருட்காட்சி நடந்த இடத்தைச் சுற்றி அண்ணா நகர் வளர்ந்தது. ‘எதிர் நீச்சல்’ படமும் அதே ஆண்டில் வந்தது என்பது கவனிக்கத்தக்கது. பின்னர் அடுக்கு மாடிகள் வந்தன. ஸ்டோர்கள் பல இடிபட்டு அவ்விடத்திலேயே ‘பிளாட்’டுகள் எழுந்தன. நாடகங்களும் இதனுடன் மாறின. விசு ‘உறவுக்குக் கை கொடுப்போம்’ என்னும் தம் நாடகக் கருவை மீண்டும் எடுத்து 1986-ல் ‘சம்சாரம் அது மின்சாரம்’ படைத்தார். அதில் தந்தைக்கும் மகனுக்கும் பணத்தால் பகை மூண்டு, வீட்டின் நடுவே கோடு கிழிக்கப்படுகிறது. முடிவில் மூத்த மருமகள், பகை தீர்ந்த பின்னரும் தனியே வாழ்வதே உறவைக் காக்கும் என்று துணிகிறாள். முன்பு தனிக்குடித்தனம் கலகமாகத் தோன்றியது. இங்கே அதுவே சமாதான வழியாக வருகிறது.

அச்சேறாத சபா நாடகங்கள் எத்தனையோ. நடித்தவர்கள் மறைய மறைய அவையும் மறைகின்றன. திரைக்குச் சென்றவை மட்டுமே இன்று கண்ணிற் படுகின்றன.

கடைசியாக, நாடகமல்லாத ஒன்றைக் கூற அனுமதி வேண்டுகிறேன். 1988-ல் பாலு மகேந்திரா ‘வீடு’ என்ற படத்தை எடுத்தார். வேலைக்குச் செல்லும் சுதாவும் அவளை மணக்கவிருக்கும் கோபியும் கடன் வாங்கிச் சென்னையில் ஒரு சிறு வீடு கட்ட முயல்கின்றனர். ஒப்பந்தக்காரர் ஏமாற்றுகிறார், வீடு அரைகுறையாய் நிற்கையில் நிலம் குடிநீர் வாரியத்துக்கு உரியதென்ற செய்தி வருகிறது. அதில் தாத்தாவாக வருபவர் பழைய நாடக மேடையில் நடித்த சொக்கலிங்க பாகவதர். பேத்தியின் வீட்டைப் பார்க்கக் கிழவர் தனியே வருகிறார். பூசாத சுவரைக் கையால் தடவித் தடவி மகிழ்கிறார். திரும்பும் வழியில் உயிர் துறக்கிறார்.