வளிமண்டல ஆறுகளும் ஆற்றுப் பனிக்கட்டியும்

வளிமண்டல ஆறு என்பது வெப்பமான கடற்பகுதிகளிலிருந்து பெருமளவு நீராவியைச் சுமந்து செல்லும் நீண்ட, ஒடுங்கிய காற்றோட்டம் ஆகும். பசிபிக் பெருங்கடலிலிருந்து அலாஸ்காவை அடையும் இத்தகைய புயல்கள், அங்குள்ள யூக்கான், தனனா முதலிய ஆறுகளின் பனிக்கட்டியைப் பாதிக்கின்றன. வரும் பருவத்தைப் பொறுத்து, இவை பனிக்கட்டி உடைவதை விரைவுபடுத்தவோ தாமதப்படுத்தவோ கூடும்.

குளிர்காலத்தில்

நீராவி ஒடுங்கும்போது உள்ளுறை வெப்பம் வெளிப்படுகிறது. அடர்ந்த மேகங்கள் தரையின் வெப்பம் வெளியேறுவதைக் குறைக்கின்றன. இதனால் கடுங்குளிர் தணிந்து, பனிக்கட்டி தடிப்பது மெதுவாகிறது. புயல் பொழியும் வெண்பனியும் தன்னுள் காற்றை அடக்கியிருப்பதால் போர்வை போலச் செயற்படுகிறது. ஆயினும் அதன் எடையால் பனிக்கட்டி அமிழ்ந்து, வெடிப்புகள் வழியே மேலேறும் நீர் வெண்பனியுடன் கலந்து உறைந்தால், மேலே வெண்ணிறப் படலம் ஒன்று கூடுதலாக உருவாகும்.

இளவேனிலில்

புதிய வெண்பனி தன்மீது படும் சூரிய ஒளியில் 80 முதல் 90 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பக்கூடியது. எனவே ஏப்ரலில் வெண்பனி பொழிந்தால் உருகுதல் தாமதமாகும். மாறாக மழை பெய்தால், வெண்பனி உருகி மழைநீருடன் ஆற்றில் சேரும். நீர்மட்டம் உயர்ந்து, பனிக்கட்டி கரையிலிருந்து பெயர்க்கப்படும். வெயிலில் ஏற்கெனவே நலிந்த பனிக்கட்டி அமைதியாகக் கரைந்துவிடும். வலுக் குறையாத பனிக்கட்டியோ பாளங்களாக உடைந்து, ஆற்றின் வளைவுகளில் சிக்கி அணை போல அடைத்துக்கொள்ளும்.

பதிவுகள்

தனனா ஆற்றங்கரையிலுள்ள நெனானாவில், பனிக்கட்டி நகரும் நேரத்தைக் கணிக்கும் போட்டி 1917 முதல் நடைபெறுகிறது. பனிக்கட்டியின் மீது நிறுத்தப்படும் மரச்சட்டம் ஒரு கடிகாரத்துடன் இணைக்கப்பட்டிருக்கும்; அது நகரும்போது கடிகாரம் நின்றுவிடும். 2024 வரையான பதிவுகளில் மிக முந்திய நாள் 2019 ஏப்ரல் 14. மிகப் பிந்தியது 2013 மே 20.

அதே 2013 மே மாத இறுதியில், யூக்கான் ஆற்றில் ஏற்பட்ட பனிக்கட்டி அடைப்பு கலீனா என்னும் ஊரை வெள்ளத்தில் மூழ்கடித்தது. இதற்குப் புயலைவிட, நீண்ட குளிருக்குப் பின் வந்த திடீர் வெப்பமே காரணம். எனினும் வலுவான பனிக்கட்டியும் விரைந்து உயரும் நீரும் சேர்வதன் விளைவை இது காட்டுகிறது.

மக்கள் வாழ்வில்

அலாஸ்காவின் உட்பகுதியில் பல ஊர்களுக்குச் சாலை இணைப்பு இல்லை. குளிர்காலத்தில் உறைந்த ஆறே பாதை. கோடையில் அதுவே படகு வழி. ஆகவே பனிக்கட்டி எப்போது உடையும், எவ்வாறு உடையும் என்பவை இரண்டும் உயிர்ப் பாதுகாப்பைச் சார்ந்தவையாகும்.