ஜனவரி காலையில் பெங்களூரு வீட்டுத் தரை ஏன் சில்லுனு இருக்கு?

பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1884 ஜனவரி 13-ல் பதிவான 7.8 டிகிரி செல்சியஸ்தான் நகரத்தின் மிகக் குறைந்த வெப்பநிலை. இப்போது ஜனவரி இரவுகளில் சராசரியாக 15, 16 டிகிரிதான். அப்புறம் ஏன் பசவனகுடி, மல்லேஸ்வரம் பழைய வீடுகளில் கால் வச்சா சில்லுனு இருக்கு?

காரணம் என்ன?
தரையும் அதன்மேல் விரித்த ஜமக்காளமும் கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். ஆனால் கல்லும் ரெட் ஆக்சைடும் பாதத்தின் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்ளும். பருத்தியும் மரமும் மெதுவாகத்தான் இழுக்கும். கிரானைட், மரத்தைவிட 10 மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும்.

ஹீட்டர் போட்டா?
சூடான காற்று உயரமான கூரைக்குப் போய்விடும். கரண்ட் பில்தான் ஏறும்.

என்ன செய்யலாம்?
கட்டில் பக்கமும் சமையல் மேடை முன்னாலும் வழுக்காத தேங்காய் நார் விரிப்பு போதும். தரை முழுக்க வினைல் ஒட்டாதீங்க. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் அடியில் சிக்கிக்கொள்ளும். வீட்டுக்குக் கீழே திறந்த பார்க்கிங் இருந்தால், ஸ்லாபின் அடிப்பக்கம் ராக் வூல் பலகை பொருத்தலாம்.

வீட்டில் பெரியவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கா? ஹீட்டர் பக்கத்திலோ வெந்நீர்ப் பையிலோ கால் வைக்க விடாதீங்க. உணர்ச்சி குறைந்த பாதம், சுடுவது தெரியாமலே புண்ணாகிவிடும். அவர்களுக்கு சாக்ஸ்தான் பாதுகாப்பு.