காட்டு யானை: விலங்கியல் கூறுவதும் நாம் செய்யத் தவறுவதும்

அறுவடை முடிந்து வயல்களில் ஒட்டுத்தாள் மட்டும் எஞ்சியிருக்கும் காலங்களில் நாவிதன்வெளி, சம்மாந்துறைப் பிரதேசங்களின் வயற்கண்டங்களில் காட்டு யானைகள் கூட்டமாக இறங்குவது வருடந்தோறும் நிகழ்கின்ற ஒன்றாகும். வேலிகள் முறிகின்றன, தென்னைகளும் வாழைகளும் சரிகின்றன, சில வேளைகளில் மனித உயிர்களும் பறிபோகின்றன. ஒவ்வொரு சம்பவத்தின் பின்னரும் “யானையைப் பிடித்துக் காட்டில் கொண்டுபோய் விடுங்கள்” என்ற கோரிக்கை எழுகின்றது. பாதிக்கப்பட்ட மக்களின் இக்கோரிக்கை நியாயமான துயரிலிருந்து பிறப்பதாகும். எனினும், இப்பரிகாரம் பயன் தருமா என்பதை விலங்கியல் ஆய்வுகள் ஏற்கனவே பரிசோதித்துப் பார்த்துள்ளன. அவை கண்டறிந்தவற்றை நமது மக்கள் அறிந்திருப்பது அவசியமெனக் கருதுவதால், யானையின் பாகுபாடு, கூர்ப்பு, சூழலியல் ஆகிய மூன்றையும் இங்கு சுருக்கமாக நோக்குகின்றோம்.

முதலில் பெயரை எடுத்துக்கொள்வோம். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758ஆம் ஆண்டில் யானைக்கு ‘எலிபஸ் மக்சிமஸ்’ என்ற விஞ்ஞானப் பெயரைச் சூட்டினார். ஆபிரிக்க யானையும் ஆசிய யானையும் வெவ்வேறானவை என்ற தெளிவு அப்போது இருக்கவில்லை. அவர் ஆதாரமாகக் கொண்டவற்றுள் ஒன்று, மதுசாரத்தில் பாதுகாக்கப்பட்டு இன்றும் ஸ்டொக்ஹோம் நூதனசாலையில் உள்ள ஒரு யானைக் கருவாகும். அக்கருவிலிருந்து பெறப்பட்ட புரதங்களையும் மரபணுக்களையும் பரிசோதித்த ஆய்வாளர்கள், அது ஆபிரிக்க யானையின் கரு என்பதை 2013இல் அறிவித்தனர். அதாவது, ஆசிய யானையின் பெயருக்குச் சான்றாக இரண்டரை நூற்றாண்டுகளாகக் கொள்ளப்பட்டு வந்த மாதிரி, ஆசிய யானையே அல்ல.

அவ்வாறாயின் ஆசிய யானைக்கு உரிய வகைமாதிரி எது? லின்னேயஸ் மேற்கோள் காட்டிய ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜோன் ரே, 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் ஒரு யானையின் எலும்புக்கூட்டைப் பார்வையிட்டிருந்தார். அந்த எலும்புக்கூடு இன்றும் அந்நகர நூதனசாலையில் இருக்கின்றது. அதுவே தற்போது ஆசிய யானை இனம் முழுவதற்குமான வகைமாதிரியாக ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. அது ஹன்ஸ்கென் என்ற பெண் யானையின் எலும்புக்கூடு. இலங்கையில் பிறந்து, ஒல்லாந்தரால் ஐரோப்பாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1637இல் ஓவியர் ரெம்பிராண்டினால் வரையப்பட்டு, நகரம் நகரமாக வேடிக்கை காட்டப்பட்டு, 1655இல் புளோரன்ஸில் உயிரிழந்த யானை அது. அசாம் முதல் சுமாத்திரா வரை வாழும் ஆசிய யானைகள் அனைத்தினதும் பெயர் இந்த நாட்டு யானையொன்றின் எலும்பின் மீதே நிலைகொண்டுள்ளது என்பது நாம் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும்.

ஆசிய யானையில் இலங்கை யானை, பெருநில யானை, சுமாத்திரா யானை என மூன்று உபஇனங்கள் பொதுவாகக் கொள்ளப்படுகின்றன. எமர்சன் டெனன்ட் போன்ற 19ஆம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் இலங்கை யானை சுமாத்திரா யானையைச் சேர்ந்ததென்ற கருத்தைப் பரப்பினர். அது இன்று ஏற்கப்படுவதில்லை. இலங்கையின் ஆய்வாளர் பிரிதிவிராஜ் பெர்ணான்டோவும் அவரது சகாக்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட இழைமணி மரபணு ஆய்வு, ஆசிய யானைகளில் இரு தொன்மையான மரபுக்கிளைகள் உள்ளனவென்றும் அவ்விரண்டுமே இலங்கையில் காணப்படுகின்றனவென்றும் காட்டியது. பனி யுகங்களில் கடல் மட்டம் தாழ்ந்தபோது இலங்கையும் இந்தியாவும் நிலத்தால் இணைந்திருந்தமையும், பிற்காலத்தில் மன்னர்கள் யானைகளைக் கப்பலேற்றி வணிகம் செய்தமையும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

கூர்ப்பு வழியில் யானையின் உறவினர் யாரென்பது மேலும் வியப்புக்குரியது. காண்டாமிருகமும் நீர்யானையும் தோற்றத்தில் நெருங்கியவை போலத் தென்பட்டாலும் அவை யானைக்கு உறவல்ல. மன்னார்க் கடலில் நமது மீனவர்கள் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசுவும், ஆபிரிக்காவிலும் அரபு நாடுகளிலும் பாறை இடுக்குகளில் வாழும் முயலளவு பிராணியான ஹைராக்ஸுமே உயிருடனுள்ள விலங்குகளில் யானைக்கு மிக நெருங்கியவை. அழிந்துபோன மமத் யானை, ஆபிரிக்க யானையைக் காட்டிலும் ஆசிய யானைக்கே நெருக்கமானது என்பதும் மரபணு ஆய்வுகளால் உறுதியாகியுள்ளது. ஒரு காலத்தில் பல கிளைகளாகப் பரந்திருந்த யானைக் குடும்பத்தில் இன்று எஞ்சியிருப்பவை மூன்று இனங்களே: ஆசிய யானை, ஆபிரிக்கப் புல்வெளி யானை, ஆபிரிக்கக் காட்டு யானை. பின்னைய இரண்டையும் தனித்தனி இனங்களாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2021இல் தனது செம்பட்டியலில் மதிப்பிட்டது. ஆசிய யானை 1986 முதல் அருகிவரும் இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. ஏறத்தாழ 22 மாதங்கள் கருச்சுமந்து ஒரே குட்டியை ஈனுகின்ற, அடுத்த குட்டிக்குப் பல வருடங்கள் எடுக்கின்ற விலங்கு இது. இழப்பை ஈடுசெய்யும் வேகம் அதற்கு இல்லை.

இனி நமது வாசலுக்கு வருவோம். 2011ஆம் ஆண்டின் நாடளாவிய கணக்கெடுப்பு இலங்கையில் 5,879 யானைகள் இருப்பதாகக் காட்டியது. இவை எங்கே வாழ்கின்றன? தேசிய பூங்காக்களில் என்றே நம்மில் பெரும்பாலானோர் எண்ணுகின்றோம். ஆனால் 2021இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இலங்கை நிலப்பரப்பின் சுமார் 60 சதவீதத்தில் யானைகள் நடமாடுகின்றன என்றும், அந்த நிலப்பரப்பின் ஏறத்தாழ 70 சதவீதத்தில் மனிதர்களும் வசிக்கின்றனர் என்றும் கண்டறிந்தது. ஆகவே “காட்டு எல்லையைத் தாண்டி யானை ஊருக்குள் வந்துவிட்டது” என்ற கூற்று பெரும்பாலும் பொருந்தாது. யானையும் மனிதனும் ஒரே நிலத்தையே பங்கிட்டு வாழ்கின்றனர்.

இதற்கு அம்பாறை மாவட்டம் நல்ல உதாரணமாகும். 1949இல் ஆரம்பிக்கப்பட்ட கல்லோயாத் திட்டம் இங்கினியாகலையில் பெரும் நீர்த்தேக்கத்தை உருவாக்கி, காடாகக் கிடந்த நிலங்களை வயல்களாகவும் குடியேற்றங்களாகவும் மாற்றியது. மத்திய முகாம் உள்ளிட்ட நமது குடியேற்றக் கிராமங்கள் அக்காலத்தின் விளைவே. நீரேந்து பகுதிகளைப் பாதுகாக்க 1954இல் கல்லோயா தேசிய பூங்கா அமைக்கப்பட்டது. ஆனால் யானைகளின் நடமாட்டப் பரப்பு வரைபடத்திலுள்ள பூங்கா எல்லையோடு நின்றுவிடவில்லை. கழுத்துப்பட்டியில் கருவி பொருத்திக் கண்காணித்த ஆய்வுகளின்படி, இலங்கை யானையொன்றின் வாழிடப் பரப்பு பெரும்பாலும் 50 முதல் 150 சதுர கிலோமீற்றர் வரையானது. அப்பரப்பை அது எளிதில் கைவிடுவதில்லை. தாய் நடந்த வழியில் மகள் நடக்கின்றது. தண்ணீரும் புல்லும் எந்த மாதத்தில் எங்கே இருக்குமென்பதை அது நினைவில் வைத்திருக்கின்றது.

இடமாற்றம் என்ற பரிகாரம் தோல்வியடைவது இதனாலேயே. பயிர்களை அழித்த 12 ஆண் யானைகளைப் பிடித்துத் தேசிய பூங்காக்களில் விட்டு, செய்மதி வழியாகக் கண்காணித்த ஆய்வொன்று 2012இல் வெளியானது. இரண்டு யானைகள் பூங்காக்களுக்குள்ளேயே கொல்லப்பட்டன. ஏனையவை அனைத்தும் பூங்காவை விட்டு வெளியேறின. சில பழைய இடத்துக்கே திரும்பின. சில ஊர் ஊராக அலைந்தன. சில புதிய இடங்களில் தங்கி அங்குள்ள மக்களுக்குத் தொல்லையாயின. இடமாற்றத்தினால் பிரச்சினை பரவியதும் யானை இறப்பு அதிகரித்ததுமே விளைவு என்பது அவ்வாய்வின் முடிவு. கூட்டங்களைத் துரத்திப் பூங்காவுக்குள் அடைப்பதும் அவ்வாறே. 2006இல் தெற்கில் லுணுகம்வெஹெர பூங்காவுக்குள் துரத்தப்பட்ட கூட்டங்களில் பெண் யானைகளும் குட்டிகளும் உணவின்றி மெலிந்தமை பதிவாகியுள்ளது. நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோகிராம் தாவர உணவு வேண்டிய விலங்கை, ஏற்கனவே நிரம்பிய காட்டுக்குள் அடைப்பதென்பது அதனைப் பட்டினிக்கு அனுப்புவதேயாகும்.

யானையால் காட்டுக்குக் கிடைக்கும் நன்மையையும் கூறியாக வேண்டும். அது உண்ணும் பழங்களின் விதைகள் பல கிலோமீற்றர் தொலைவில் இலத்தியோடு விழுந்து முளைக்கின்றன. அது முறித்துத் திறக்கும் பற்றைகளில் புல் வளர்கின்றது. மானும் மரையும் அதில் மேய்கின்றன. தென்கிழக்கு இலங்கையில் மேற்கொள்ளப்பட்டு 2009இல் வெளியான ஆய்வொன்று, யானை இலத்திக் குவியல்களுக்குள் மூன்று இனத் தவளைகள் தங்கியிருந்தமையைக் கண்டறிந்தது. நமது குளங்களுக்கு நீர் தரும் காடுகள் காடுகளாக இருப்பதில் யானைக்கும் பங்குண்டு.

ஆனால், அந்த விலங்குக்கு நாம் பதிலாகக் கொடுப்பது என்ன? ஒலுவில் பள்ளக்காட்டில், அஷ்ரப் நகரை அண்டியுள்ள குப்பை மேட்டின் புகைப்படங்கள் 2020ஆம் ஆண்டு உலகப் பத்திரிகைகளில் வெளியாகின. கல்முனை, சம்மாந்துறை, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு ஆகிய நமது ஊர்களின் குப்பையே அங்கு கொட்டப்பட்டது. அதனை உண்டதனால் எட்டு வருடங்களில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022இல் செய்திகள் வெளியாகின. இறந்த யானைகளின் வயிற்றில் பொலித்தீனும் உணவு சுற்றிய பிளாஸ்திக்கும் காணப்பட்டதாக மிருக வைத்தியர் கூறியிருந்தார். இதில் குற்றவாளி யாரென்று நாம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமைப் பகல் பிரியாணிப் பொதியும், கோயில் அன்னதானத்தின் பொலித்தீன் தாளும் அக்குவியலில் சேர்ந்தே கிடந்தன. மேலும், குப்பை மேட்டின் சுவை கண்ட யானை மனித வாடையை அஞ்சாது. அண்டியுள்ள குடிமனைக்குள் நுழைவதற்கும் அது தயங்காது.

நாடளாவிய நிலைமை இதனிலும் பாரதூரமானது. 2023ஆம் ஆண்டில் மாத்திரம் 470இற்கும் மேற்பட்ட யானைகளும் 160இற்கும் மேற்பட்ட மனிதர்களும் உயிரிழந்தனர். துப்பாக்கிச் சூடு, சட்டவிரோத மின்கம்பி, ‘ஹக்கபட்டாஸ்’ எனப்படும் வாய்வெடி, புகையிரதம் என்பன யானைகளின் பிரதான எமன்களாகும். பழத்துக்குள் மறைத்து வைக்கப்படும் வாய்வெடியைக் கடிக்கும் குட்டி யானை தாடை சிதைந்து, உண்ண முடியாமல் நாட்கணக்கில் துடித்து மடிகின்றது.

தீர்வு இல்லாமல் இல்லை. 2020 டிசம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட தேசிய செயற்றிட்டம், காட்டு எல்லையில் மின்வேலி அமைப்பதை விட்டுக் கிராமங்களையும் வயல்களையும் சுற்றி வேலியமைக்குமாறு பரிந்துரைத்தது. இரு புறமும் யானை நடமாடும் இடத்தில் நடுவில் வேலி போடுவதால் பயனில்லை என்பதே இதன் தர்க்கம். வயலைச் சுற்றிய வேலியை விதைப்புடன் போட்டு அறுவடையுடன் கழற்றிவிட வேண்டும். விவசாயிகளே அதனைப் பராமரிக்க வேண்டும். அறுவடைக்குப் பின் ஒட்டுத்தாளை யானை மேய்ந்து செல்லும். அடுத்த போகத்தில் வேலி மீண்டும் எழும். வடமேல் மாகாணத்தின் கல்கமுவ போன்ற பகுதிகளில் இம்முறை நடைமுறையில் பயனளித்துள்ளது.

யானை நமக்கு அந்நியமானதல்ல. அல்குர்ஆனின் 105ஆவது அத்தியாயம் யானையின் பெயரைத் தாங்கியது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறந்த ஆண்டு யானை ஆண்டென்றே வழங்கப்படுகின்றது. தமிழர் எக்கருமத்தையும் யானைமுகனை வணங்கியே தொடங்குகின்றனர். கிழக்கின் முஸ்லிம் பணிக்கர்கள் வெறும் கயிற்றுடன் காட்டு யானையைப் பிடிக்கும் திறமைக்காகப் பெயர்பெற்றிருந்தனர். யானையின் குணமறிந்து வாழ்ந்த மரபு இம்மண்ணுக்கு உண்டு.

எனவே விவசாய அமைப்புகளும், பிரதேச சபைகளும், வனஜீவராசிகள் திணைக்களமும் ஒரே மேசையில் அமர்ந்து, வரும் விதைப்புக்கு முன்னரே எந்தக் கண்டத்துக்கு எவ்வாறு வேலி என்பதைத் தீர்மானிக்க வேண்டும். கல்முனை தொடக்கம் ஆலையடிவேம்பு வரையான உள்ளூராட்சி மன்றங்கள் குப்பையை வீட்டிலேயே தரம் பிரிப்பதைக் கட்டாயமாக்கி, யானை அணுக முடியாத இடத்தில் அதனைக் கையாள வேண்டும். யானையால் உறவினரை இழந்த குடும்பத்துக்கும், பயிரை இழந்த விவசாயிக்கும் நட்டஈடு தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். நட்டஈடு தாமதிக்கும் ஊரில் பாதுகாப்புப் பற்றிய போதனை எடுபடாது. விஞ்ஞானிகள் தமது பணியைச் செய்து முடிவுகளை முன்வைத்துவிட்டனர். அவற்றைச் செயலாக்குவது இனி நிர்வாகத்தினதும் நம் ஒவ்வொருவரினதும் பொறுப்பாகும்.