தக்காளியை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? அழுகின இடத்தை வெட்டிட்டு மீதியைச் சமைக்கலாமா? முழு விவரம்

2023 ஜூலையில் தக்காளி விலை எகிறியது பலருக்கும் ஞாபகம் இருக்கும். சென்னையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி, மாதக் கடைசியில் சில்லறைக் கடைகளில் 200 ரூபாய் வரை போனது. ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசே தக்காளி விற்க வேண்டிய நிலை வந்தது.

அப்படி விலை கொடுத்து வாங்கின தக்காளியில் ஒரு ஓரம் கெட்டுப்போனால், தூக்கிப் போட யாருக்கும் மனசு வராது. அழுகினதை வெட்டிட்டு, மீதியை ரசத்தில் போட்டுவிடுவோம். இது சரியா? எதைப் போடலாம், எதைப் போடவே கூடாது? பார்க்கலாம்.

வாங்கும்போதே பிரிச்சு வாங்குங்க

ஒரு வாரத்துக்குச் சேர்த்து வாங்குறீங்களா? எல்லாமே பழமாக எடுக்காதீங்க. இன்று, நாளைக்குத் தேவையானது மட்டும் நல்லா பழுத்தது. மீதி செங்காயாக இருக்கட்டும். தோல் வெடித்தது, அமுங்கினது வேண்டாம். வெடிப்பு வழியாகத்தான் பூஞ்சையும் பாக்டீரியாவும் சுலபமாக உள்ளே போகும்.

ஃப்ரிட்ஜா, வெளியிலா?

இதுக்கு ஒரே பதில் கிடையாது. தக்காளி எந்த நிலையில் இருக்கு என்பதுதான் கணக்கு.

செங்காய்: ஃப்ரிட்ஜில் வைக்காதீங்க. தக்காளி, பறித்த பிறகும் பழுக்கும். சுமார் 12 டிகிரிக்குக் கீழே போனால் அது சரியாகப் பழுக்காது. நாள் கணக்கில் குளிரில் இருந்தால், வெளியே எடுத்த பிறகு திட்டுத்திட்டாக நிறம் மாறி சீக்கிரம் அழுகும்.

நன்கு பழுத்தது: அன்றே, மறுநாளே சமைப்பதாக இருந்தால் வெளியில் இருக்கட்டும். இல்லையென்றால் ஃப்ரிட்ஜ்தான். நம்ம ஊர் வெயிலில் பழுத்த தக்காளி வெளியில் ரொம்ப நாள் தாங்காது.

ஆனால் ருசி கொஞ்சம் குறையும். அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், 5 டிகிரி குளிரில் 7 நாள் வைத்த தக்காளியில் மணம் தரும் பொருட்கள் குறைந்தது தெரியவந்தது. இனிப்பிலும் புளிப்பிலும் பெரிய மாற்றம் இல்லை. அதனால் குழம்பு, ரசம், தொக்குக்கு ஃப்ரிட்ஜ் தக்காளி தாராளமாகப் போதும். பச்சையாகச் சாப்பிட மட்டும் வெளியில் வைத்ததை எடுத்துக்கோங்க.

வைக்கும்போது கவனிக்க வேண்டியவை

* கடையில் கொடுத்த பிளாஸ்டிக் கவரோடு முடிச்சுப் போட்டு வைக்காதீங்க. உள்ளே வேர்த்து, பூஞ்சை பிடிக்கும்.
* கழுவி வைப்பதைவிட, சமைக்கும் முன் கழுவுவது நல்லது. கழுவியே ஆகணும் என்றால் ஈரம் போகத் துடைச்சிடுங்க.
* காம்பு இருந்த பக்கம் கீழே இருக்கும்படி, ஒன்றன் மேல் ஒன்று அடுக்காமல் பரப்பி வைங்க. ஈரப்பதம் அதிகமாக வெளியேறுவது அந்தக் காம்புக் குழி வழியாகத்தான்.
* வெள்ளரிக்காய், கீரை பக்கத்தில் வேண்டாம். தக்காளியிலிருந்து வரும் எத்திலீன் வாயு அவற்றைச் சீக்கிரம் மஞ்சளாக்கும்.
* செங்காய் சீக்கிரம் பழுக்கணுமா? அதே எத்திலீனுக்காக, பக்கத்தில் ஒரு வாழைப்பழம் வைங்க.

தாராளமாகச் சமைக்கலாம்

தோல் சுருங்கி, கொஞ்சம் தளர்ந்திருக்கா? ஈரப்பதம் குறைந்திருக்கு, அவ்வளவுதான். வாடை மாறாமல், கசியாமல் இருந்தால் சமைக்கலாம்.

கடும் கோடையில் சிவக்காமல் மஞ்சளாகவே நிற்கும் தக்காளியும் கெட்டதில்லை. வெப்பம் 30 டிகிரிக்கு மேல் போனால் சிவப்பு நிறத்துக்குக் காரணமான லைக்கோபீன் சரியாக உருவாகாது.

வெட்டும்போது உள்ளே விதை முளைத்திருந்தால் பயப்பட வேண்டாம். பழம் நன்றாக இருந்தால், முளையை எடுத்துவிட்டுச் சமைக்கலாம்.

கண்டிப்பாகத் தூக்கிப் போடணும்

* வெள்ளை, பச்சை, கருப்பு நிறத்தில் பஞ்சு போலப் பூஞ்சை பிடித்தது
* தொட்டாலே கொழகொழவென்று உடைந்து, நீர் கசிவது
* புளித்த வாடை, அழுகல் வாடை அடிப்பது
* வெட்டினால் உள்ளே கருத்திருப்பது, நூல் நூலாகப் பூஞ்சை தெரிவது

வெட்டிட்டு மீதியைச் சமைக்கலாமா?

அடிபட்டுக் கன்றிப்போன இடம் மட்டும் என்றால், வெட்டி எறிந்துவிட்டு அன்றே சமைக்கலாம். பூஞ்சை பிடித்திருந்தால் முழுத் தக்காளியும் குப்பைக்குத்தான் போகணும்.

காரணம், தக்காளியில் நீர்ச்சத்து அதிகம். மேலே சின்னப் புள்ளியாகத் தெரியும் பூஞ்சையின் இழைகள், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும். கேரட் மாதிரி கெட்டியான காயில் சுற்றிலும் ஒரு அங்குலம் தள்ளி வெட்டலாம். தக்காளிக்கு அது பொருந்தாது.

'நல்லா கொதிக்க வெச்சா சரியாயிடும்' என்பதும் தவறு. கொதிக்க வைத்தால் பூஞ்சை சாகும். ஆனால் சில வகைப் பூஞ்சைகள் உண்டாக்கும் நச்சு, சமையல் சூட்டில் முழுமையாக அழியாது. கெட்டிருக்கா என்று பூஞ்சைத் தக்காளியை மூக்குக்கிட்டே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கவும் வேண்டாம். அதை ஒட்டியிருந்த மற்ற தக்காளிகளையும் ஒருமுறை திருப்பிப் பாருங்க.

பாதி வெட்டின தக்காளி?

மூடி போட்டு உடனே ஃப்ரிட்ஜில் வைத்து, ஓரிரு நாளில் தீர்த்துடுங்க. வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். வெட்டின இடத்தில் சால்மோனெல்லா போன்ற பாக்டீரியா வளர வாய்ப்பு உண்டு.

விலை குறையும்போது நிறைய வாங்கிட்டீங்களா?

கழுவித் துடைத்து முழுசாகவே ஃப்ரீசரில் போடலாம். வெளியே எடுத்துத் தண்ணீரில் காட்டினால் தோல் சுலபமாக உரிஞ்சு வரும். பச்சடிக்கு ஆகாது; குழம்புக்குச் சரியாக இருக்கும். வேகவைத்து அரைத்த விழுதையும் சின்னச் சின்ன டப்பாவில் ஃப்ரீசரில் வைக்கலாம். ஒரு தடவைக்கு ஒரு டப்பா என்று எடுத்தால், மீதியை மறுபடி உறைய வைக்கும் வேலை இல்லை.

தினமும் காலையில் தக்காளிக் கூடையை ஒரு நிமிஷம் பாருங்க. தளர்ந்ததை அன்றைய சமையலுக்கு எடுத்துட்டா, குப்பைக்குப் போவது தானாகக் குறையும்.