திங்கட்கிழமை உப்புமா

"ஏம்ப்பா, திங்கட்கிழமைன்னா ராத்திரி உப்புமாதானா?" என்றான் எட்டாவது படிக்கும் பையன். தில்லி வந்து பதினாறு வருஷம், எனக்கே அப்போதுதான் உறைத்தது. ஊருக்கு, அம்மாவுக்குப் போன் போட்டேன்.

1965. மழை பொய்த்தது, பாகிஸ்தானோடு போரும் வந்தது. அமெரிக்காவோ பி.எல்.480 கோதுமையை இழுத்தடித்துக் கொடுத்தது. வாரம் ஒரு வேளை, திங்கள் இரவு, சாப்பாட்டைத் தவிருங்கள் என்று கேட்டார் பிரதமர் சாஸ்திரி. தாத்தா அன்று பட்டினி. நாலாவது படித்த அம்மாவுக்கும் தம்பிகளுக்கும் மட்டும் ரேஷன் கோதுமையை உடைத்து உப்புமா. பஞ்சம் போயும் பாட்டி நிறுத்தவில்லை. அம்மாவும். (நானும், காரணம் தெரியாமலே!)

"அப்ப நானும் கொள்ளுத்தாத்தா மாதிரி பட்டினி இருக்கேன்" என்றான். தங்கமணி முறைத்தார். வளர்கிற பிள்ளைகள் பட்டினி கிடக்கக்கூடாதென்றுதான் அந்த உப்புமாவே என்றேன்.

பாதித் தட்டு காலி.