திரைக்கும் திண்ணைக்கும் இடையே: பெருந்தொற்றுக் காலக் கர்நாடகத்தின் தொடக்கக் கல்வி

2020 ஜூன் மாதத்தில், நாட்டின் தகவல் தொழில்நுட்பத் தலைநகர் எனப் பெயர் பெற்ற பெங்களூரிலிருந்து முரண்போலத் தோன்றும் ஓர் அரசாணை வெளிவந்தது. மழலையர் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை இணையவழி வகுப்புகள் நடத்தக் கூடாது என்பது அதன் சாரம். பெருந்தொற்றுக் காலக் கல்வி வரலாற்றை ஆராய்வோர் இந்த ஆணையிலிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும்.

தடைக்கு ஆதரவான வாதங்கள் எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல. சிறு குழந்தைகள் நெடுநேரம் திரைமுன் அமர்வது நல்லதன்று என்பது ஒன்று; கைப்பேசி இல்லாத வீட்டுக் குழந்தைகள் பின்தங்கிவிடுவர் என்பது மற்றொன்று. எதிர்ப்பு வலுத்தபின் ஜூன் 27 அன்று அரசு கட்டுப்பாட்டைத் தளர்த்தி, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்கு இரண்டு பாடவேளைகளுக்கு மிகாமல் நடத்தலாம் என்றது. ஜூலை 8 அன்று தலைமை நீதிபதி அபய் ஸ்ரீநிவாஸ் ஓகா தலைமையிலான கர்நாடக உயர்நீதிமன்ற அமர்வு இரண்டு ஆணைகளுக்கும் இடைக்காலத் தடை விதித்தது. அரசமைப்பின் 21, 21அ ஆகிய பிரிவுகள் வழங்கும் உரிமைகளில் அவை குறுக்கிடுகின்றன என்பது அமர்வின் முதல்நோக்குக் கருத்து.

இந்த வழக்கு எதைத் தீர்த்தது, எதைத் தீர்க்கவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இணைய வசதி உள்ள குழந்தையின் வகுப்பை அரசு பறிக்கலாகாது என்பது தெளிவாயிற்று. வசதியற்ற குழந்தைக்கு வகுப்பை யார் தருவது என்ற வினா அப்படியே நின்றது.

அவ்வினாவுக்கு விடை தேடிய முயற்சி 2020 ஆகஸ்டில் தொடங்கிய ‘வித்யாகம’ திட்டம். அரசுப் பள்ளி மாணவர்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர்: எக்கருவியும் இல்லாதோர், சாதாரணக் கைப்பேசி மட்டும் உள்ளோர், இணைய வசதியுடைய கைப்பேசி உள்ளோர். ஒவ்வோர் ஆசிரியரும் ஏறத்தாழ இருபது, இருபத்தைந்து குழந்தைகளுக்குப் பொறுப்பேற்று, அவர்கள் வாழும் இடத்துக்கே சென்றார். கோயில் முற்றமும் சமுதாயக் கூடமும் மரத்தடியும் வகுப்பறைகளாயின. நம் திண்ணைப் பள்ளியை அறிந்தவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. தொழில்நுட்பத்தை விலக்காமல், அது எட்டாத இடத்தை ஆசிரியரின் நடையால் நிரப்ப முயன்றதே இத்திட்டத்தின் சிறப்பு.

ஆனால் ஆசிரியர்களிடையிலும் மாணவர்களிடையிலும் தொற்றுச் செய்திகள் பரவியதும் அக்டோபரில் அது நிறுத்தப்பட்டது. 2021 ஜனவரியில் பள்ளி வளாகங்களில் மீண்டும் தொடங்கியபோது ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலானோருக்கே இடம் கிடைத்தது. இரண்டாம் அலைக்குப் பின்னும் அதே வரிசைதான்: ஒன்பது, பத்தாம் வகுப்புகள் ஆகஸ்டில், ஆறு முதல் எட்டு வரை செப்டம்பரில், ஒன்று முதல் ஐந்து வரை 2021 அக்டோபர் 25 அன்று. 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, தன் பள்ளி அறைக்குள் முதன்முதலாக இரண்டாம் வகுப்பு மாணவராகவே நுழைந்தது.

கடைசியில் நிறுத்தப்படுவோர் எப்போதும் மிகச் சிறியோர்தாமா? 1937 செப்டம்பரில் போலியோ பரவலால் சிகாகோ நகரப் பள்ளிகள் திறக்கப்படாதபோது, வானொலியில் பாடங்கள் ஒலிபரப்பாயின. பாட அட்டவணையை நாளிதழ்கள் அச்சிட்டன. சுமார் 3,15,000 மாணவர்களுக்கான அந்த ஏற்பாடு மூன்றாம் வகுப்பிலிருந்தே தொடங்கியது. எழுத்தறியாக் குழந்தைக்குக் குரல் மட்டும் போதாது. எழுதுகோலைப் பிடித்துக் காட்ட ஒருவர் அருகில் வேண்டும்.

1975-76இல் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி சென்றது. வட கர்நாடகக் கிராமங்களும் அவற்றுள் அடங்கும். அங்கே பெட்டி பொதுவானது. குழந்தைகள் கூடி அமர்ந்து பார்த்தனர். 2020இலோ கருவி வீட்டின் உடைமையாயிற்று. ஒரே கைப்பேசி, அதுவும் தந்தையுடன் வேலைக்குச் செல்லும் வீட்டில், வகுப்பு என்பது அவர் திரும்பும் நேரத்தைப் பொறுத்தது.

இழப்பின் அளவை அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. கர்நாடகம் உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில், 1,137 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 16,067 குழந்தைகள் இரண்டு முதல் ஆறாம் வகுப்பு வரை ஆராயப்பட்டனர். முந்தைய ஆண்டில் பெற்றிருந்த மொழித்திறன்களுள் குறைந்தது ஒன்றை 92 விழுக்காட்டினரும், கணிதத்திறன்களுள் ஒன்றை 82 விழுக்காட்டினரும் இழந்திருந்தனர். கற்க வேண்டியதைக் கல்லாமை மட்டுமன்று, கற்றதையும் மறந்த நிலை இது.

தமிழ்நாடு 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’, கர்நாடகம் 2022-23ஐக் கற்றல் மீட்பு ஆண்டாகக் கொண்ட ‘கலிகா சேதரிகே’ ஆகிய இரண்டும் இந்த மறதியை ஏற்றுக்கொண்ட பின் எழுந்தவை. இரண்டுமே குழந்தையின் அருகில் ஒரு மனிதரை அமர்த்துவதிலிருந்து தொடங்கின.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரசாணைகளும் தீர்ப்புகளும் ஆவணக் காப்பகத்தில் இருக்கும். மரத்தடியில் வகுப்பெடுத்த ஆசிரியரின் வருகைப்பதிவும், வாட்ஸ்அப் குழுவில் அவர் அனுப்பிய பயிற்சித்தாளும் அங்கு இரா. பழைய கைப்பேசிகள் மாற்றப்படுந்தோறும் அவை அழிகின்றன. அந்த ஆசிரியர்களிடம் இப்போதே சென்று கேட்டுப் பதிவுசெய்யுங்கள்.